நாலாம் அறை காலி

மாடியில் யாரோ தேங்காய் உடைத்தார்கள். பௌர்ணமிக் கிரிவலத்துக்கு வந்த கூட்டம் விடியற்காலையிலேயே பஸ் ஏறிவிட்டது. லாட்ஜே காலி என்றுதான் மேனேஜர் உமாசங்கர் சொல்லியிருந்தார். அப்புறம் உடைப்பது யார்? லாட்ஜ் வரவேற்பில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த நூரைன் காதைத் தீட்டிக்கொண்டாள். செங்கம் சாலையில் துடைப்பம் இழுபடும் சத்தமும், வெயிலில் அழுகத் தொடங்கிய மாலைகளின் வாசனையும்தான் உள்ளே வந்தன.

தங்குகிறவர்களின் பதிவு ஒரு எக்ஸ்எம்எல் கோப்பில் இருந்தது. ஒவ்வொருவருக்கும் பெயர், அறை எண், நிலை. காலி செய்யாதவரின் நிலை 'உள்ளே' என்றிருக்கும். அப்படி இருப்பவரைத் தேடித் தரச் சொல்லி பைத்தான் நிரல்மொழியில் ஒரு வரி எழுதினாள். வந்தது ஒரே பெயர்: பரசுராமன், அறை ஒன்பது.

"நாலாம் ரூம் ஃபேனைக் கழட்டணும். ஆள் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டான் எலக்ட்ரீஷியன் காசிம். அவள் கணவன்தான்.

"ஒன்பதுல மட்டும்தாங்க ஆளு. நாலு காலி."

"அந்த ரூமை பௌர்ணமிக்கு மட்டும்தான் தொறப்போம்," என்று சாவியை நீட்டிய உமாசங்கர், டீ குடிக்கக் கிளம்பினார். காசிம் விசில் அடித்துக்கொண்டே படியேறினான்.

டொப். மறுபடியும் தேங்காய்.

என்னவோ உறுத்தியது. எழுதிய வரியைத் திரும்பப் படித்தாள். முதலில் அகப்படும் ஒருவரோடு நின்றுவிடும் கட்டளை அது! நேற்றுக் கற்றுக்கொண்டவர்கள் செய்கிற தப்பு. தலையில் அடித்துக்கொண்டு, எல்லாரையும் தரும்படி மாற்றினாள்.

பரசுராமன், ஒன்பது. சரோஜா, நாலு. திருமலை, நாலு. அறிவுமதி, நாலு. அருணகிரி, நாலு. அதன் கீழே இன்னும் மூன்று பேர், நாலு, நாலு, நாலு. வந்த தேதிகள் ஆறு வருஷத்துப் பௌர்ணமிகள். யாருமே காலி செய்யவில்லை.  போனை எடுத்தாள்.

"என்னங்க, உடனே வெளிய வந்துடுங்க!"

"ஏன் நூரு? யாரும் இல்லியே. சுவரு மட்டும் ஈரமா, பிசுபிசுன்னு..." குரல் நின்றது. "யாருங்க நீங்க? எப்படி உள்ள..."

டொப்.

அலறலும் டொப்பும் போனிலும் மாடியிலும் ஒன்றாகக் கேட்டன. அவள் ஓடினாள். நான்தான் அனுப்பினேன், நான்தான் அனுப்பினேன். படி வழுக்கியது. மேலிருந்து சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது.

கதவு திறந்தே இருந்தது.

ஏழு பேர். ஒவ்வொருவர் நெற்றியும் பிளந்திருந்தது. நடுவில் காசிம், முழங்காலில். பின்னந்தலையைப் பதினான்கு கைகள் பிடித்திருந்தன. அவன் முகத்தைச் சுவரில் மோதின. டொப். பல் சிதறியது. மோதின. டொப். எலும்பு நொறுங்கியது. அவன் கத்தவில்லை. கத்த வாய் இல்லை.

"விடுங்க! அவரை விட்டுடுங்க!"

விட்டார்கள்.

காசிம் மெல்ல எழுந்தான். பாதி முகத்தோடு அவளைப் பார்த்தான். ஏழு பேரும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். கடைசியில் அவனும் போய் நின்றான். பிறகு எல்லாரும் ஒரு அடி நகர்ந்து, அவனுக்குப் பக்கத்தில் இன்னும் ஒருவர் நிற்க இடம் விட்டார்கள்.