அல்சீட் வீட்டுக் கம்பம்

புயலில் சாலை மூழ்கிவிட்டதால், எலக்ட்ரீஷியனான நான் அல்சீட் வீட்டுக்குப் படகில்தான் போனேன். ஓடைக் கரையில் ஒற்றை வீடு. ஓக் கிளை விழுந்து, கூரைமேல் ஒயரைத் தாங்கும் இரும்புக் குழாயை மீட்டர் பெட்டியோடு பெயர்த்துப் போட்டிருந்தது. எங்கள் லூசியானாவில் கம்பத்தோடு கரண்ட் கம்பெனியின் பொறுப்பு முடிந்துவிடும். குழாயும் பெட்டியும் வீட்டுக்காரன் தலையில். நான் சரிசெய்தால்தான் கம்பெனி ஆள் வந்து ஒயரைக் கம்பத்தில் சேர்ப்பான். அதுவரை அது புல்லில் கிடக்கும்.

"சீக்கிரம் பாருப்பா," என்றாள் அல்சீட்டின் மனைவி எல்மீர். "ஆக்ஸிஜன் மெஷின் ஓடல. இவருக்கு இருக்கிறது இந்த ஒரு சிலிண்டர்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரக்கூடப் பத்தாது."

"ஜெனரேட்டர் இல்லையாம்மா?"

"போன புயலுக்கப்புறம் இவரே ஓடையில தள்ளிட்டாரு. ஏன்னு கேட்டா வாயத் திறந்தாத்தானே! பிடிவாதம் பிடிச்ச மனுஷன்."

கட்டிலில் கிடந்த அல்சீட் அவளைப் பார்க்கவில்லை.

ஏணியில் ஏறினேன். வெயிலே இல்லாத மஞ்சள் மத்தியானம். ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

குழாயை நிமிர்த்தி முடிக்கும் நேரம், கம்பத்தில் சத்தம் கேட்டது. ஏறுபவர்கள் பூட்ஸில் மாட்டும் இரும்பு முள், மரத்தில் குத்தும் சத்தம்.

சரக். சரக்.

அப்பாடா, கம்பெனி ஆள் வந்துவிட்டான்!

"வாப்பா ராசா, நல்ல நேரத்துல வந்தே!" என்று திரும்பினேன்.

கம்பத்தில் யாரும் இல்லை.

சத்தம் மட்டும் மேலே போனது. முடி கருகும் நாற்றம் அடித்தது.

எப்படி இறங்கினேனோ தெரியாது. உள்ளே ஓடினேன். சிலிண்டர் மீட்டரின் முள் சிவப்புக்கோட்டைத் தாண்டியிருந்தது. அல்சீட்டின் உதடு நீலம்.

"ஏறிட்டானா?" என்று கிசுகிசுத்தார்.

"யாரு?" என்றாள் எல்மீர்.

"அந்த லைன்மேன் பையன். போன புயல்ல நான் மெயின் சுவிட்சை அணைக்காம ஜெனரேட்டரைப் போட்டேன். கரண்ட் திரும்பிக் கம்பத்துக்கு ஏறிடுச்சு. அவன் கம்பத்து மேல இருந்தான்."

"இடி விழுந்து செத்தான்னுல்ல சொன்னீங்க!"

"பொய் சொன்னேன். நான்தான் கொன்னேன்."

எல்மீர் அவர் கையை உதறினாள். பிறகு அவளே இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சிலிண்டரின் சீறல் நின்றது.

விளக்குகள் எரிந்தன.

மெஷின் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அல்சீட்டின் மார்பு ஏறி இறங்கியது. "கர்த்தரே!" என்று எல்மீர் தேம்பி அழுதாள்.

நான் வாசலுக்கு ஓடினேன். கம்பத்து ஒயர் புல்லில்தான் கிடந்தது. யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை.

திரும்பி வந்தேன். அல்சீட் என் முகத்தைப் படித்துவிட்டார்.

"இன்னும் சேர்க்கல. அப்படித்தானே?"

ஆமென்று தலையாட்டினேன்.

"அப்ப எப்ப நிறுத்துறதுங்கிறது அந்தப் பையன் கையில இருக்கு," என்றார்.

மெஷின் நின்றது. நாங்கள் மூவரும் மூச்சு விடவில்லை.

மறுபடி ஓடியது.