மங்காத கண்ணாடி

மூன்றாவது ஸ்கோப்பின் கண்ணாடி உட்பக்கமாக மங்கியிருந்தது.

சூசைதாசன் துணியால் துடைத்துப் பார்த்தான். வெளியே படிந்த ஈரமென்றால் துடைக்கத் துடைக்கப் போகும். இது போகவில்லை. துப்பாக்கியின் மேல் பூட்டிக் குறி பார்க்கும் இந்தக் குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுத்துவிட்டு, ஈரமில்லாத நைதரசனை நிரப்பி அடைத்துத்தான் தொழிற்சாலையிலிருந்து அனுப்புகிறார்கள். அடைப்பு கசிந்தாலொழிய உள்ளே மங்க வழியில்லை. நேற்று இதைச் சுடுதண்ணீரில் அமிழ்த்திப் பார்த்திருந்தான். ஒரு குமிழிகூட வரவில்லை.

லண்டனில், ஸ்ட்ரெதமில் அந்தத் துப்பாக்கிக் கடையின் நிலவறையில் அவனுக்கு ஒரு மேசை, ஒரு விளக்கு, சவப்பெட்டி அளவில் ஒரு ஃப்ரீசர். பின்னேரம் நாலு மணிக்கே சன்னல் கறுத்துவிடும் ஜனவரி. எண்ணெயும் ஈரச் சுண்ணாம்பும் மணக்கும் அந்த அறையில், ஃப்ரீசரின் மோட்டார் நிற்கும்போதெல்லாம் தலைக்கு மேலே கடையில் நடப்பவர்களின் சப்பாத்துச் சத்தம் கேட்கும், பிறகு மோட்டார் தொடங்கி அதையும் விழுங்கிவிடும்.

ஐந்து மணிக்கு ரங்கராஜன் வருவார். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே எண்ணெய்க் கம்பனியில் இஞ்சினியராகிவிட்ட மனிதர். அடுத்த மாதம் போலந்தின் கிழக்கு எல்லைக் காட்டுக்கு மான் வேட்டைக்குப் போகிறார். "முப்பது டிகிரி மைனஸ், சூசை. ஒரு தடவைதான் சான்ஸ். அங்க போயி கண்ணாடியத் துடைச்சா கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். விலையப் பாக்காதீங்க, நம்பிக்கையானதா ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்றிருந்தார்.

விலை கூடினதுதான் நல்லது என்று நம்புகிறவர்களைக் கண்டால் சூசைதாசனுக்குச் சிரிப்பு வரும். குளிருக்கு விலை தெரியாது. இரவு முழுதும் ஃப்ரீசரில் கிடந்த மூன்றில், விலை கூடிய முதலாவதின் வளையம் திருப்ப முடியாமல் இறுகிப்போயிருந்தது. உள்ளே பூசிய எண்ணெய் தடித்துவிட்டது. இரண்டாவதில் குறி பார்க்கும் குறுக்குக் கோடு எதிர்ச் சுவரில் ஒட்டிய கறுப்புப் புள்ளியை விட்டு இரண்டு விரல் விலகிப்போயிருந்தது. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் தேறியது. வளையம் கையுறையோடும் சுழன்றது. கோடு அசையவில்லை. இந்த மங்கல் மட்டும் இல்லாவிட்டால்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி தெளிந்தது. பிறகு மங்கியது. தெளிந்தது. திரும்ப மங்கியது.

தன் மூச்சாயிருக்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டான். அது நிற்கவில்லை. ஒழுங்காக, அவசரமில்லாமல், நித்திரையில் கிடக்கும் ஒருவருடையதைப் போல வந்து போனது.

தொலைபேசி அடித்தது. இல்ஃபோர்ட் வீட்டிலிருந்து மனைவி பியற்றிஸ்.

"இஞ்சேருங்கோ, ஃபாதர் திரும்பவும் கேட்டவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலை கஸ்பரின்ரை பேரை வாசிக்கட்டோ எண்டு."

"செத்த ஆக்களின்ரை பேரைத்தானே வாசிக்கிறவை."

"ஒரு வருசமாப் போச்சப்பா. பேர் வாசிக்காட்டி அந்த ஆத்துமத்துக்கு ஆர் மன்றாடுறது?"

"அவன் வாறன் எண்டெல்லோ சொன்னவன், பியற்றிஸ்."

மறுமுனையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று தெரிந்து, அவன்தான் முதலில் ரிசீவரை வைத்தான்.

கஸ்பர் அவனுடைய ஒரே தம்பி. ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் மொஸ்கோவில், மண்ணெண்ணெய் அடுப்புப் புகையும் ஓர் அறையில் ஆறு மாதம் அடைத்து வைத்திருந்துவிட்டு, போன ஜனவரியில் பதினொரு பேரோடு அதே போலந்து எல்லைக் காட்டுக்குள் நடக்க விட்டான். புறப்படுமுன் தம்பி தொலைபேசியில் கேட்டான்: "குளிர் தாங்கேலுமோ அண்ணை?" சூசைதாசன் லண்டன் குளிரை மனதில் வைத்து, "நான் அனுப்பின ஜாக்கெட் அதுக்குக் காணும், பயப்பிடாதை" என்றான். கிழக்கு லண்டன் சந்தையில் வாங்கி, மொஸ்கோவுக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பிய மெல்லிய சிவப்பு ஜாக்கெட். அந்தக் குளிர் இரும்பை, எண்ணெயை, ரப்பரை என்ன செய்யுமென்று ஒவ்வொரு நாளும் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவன். தம்பியின் உடம்பை என்ன செய்யும் என்று அவன் ஒருநாளும் யோசிக்கவில்லை. இரண்டாம் இரவு கஸ்பர் ஒரு மரத்தடியில் இருந்துவிட்டானாம். "நீங்கள் போங்கோ, நான் கொஞ்சம் இருந்திட்டு வாறன்" என்றானாம். உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் சொன்னார்கள்.

சூசைதாசன் மூன்றாவது ஸ்கோப்பைக் கண்ணருகே கொண்டுபோய்ச் சுவரின் கறுப்புப் புள்ளியை நோக்கிப் பிடித்தான்.

சுவர் இல்லை.

வெள்ளை. கோடு கோடாக மரங்கள். மண்ணெண்ணெய்ப் புகையும் ஈரக் கம்பளியும் மணத்தன. நிலவறையில் இரண்டும் கிடையாது. கண்ணாடி மங்கி, மெதுவாகத் தெளிந்தது. குறுக்குக் கோட்டின் நடுவில் ஒரு மரத்தடி. அங்கே சிவப்பாக ஏதோ.

முழங்காலைக் கட்டிக்கொண்டு ஓர் ஆள்.

அந்த ஆளின் வாயிலிருந்து வெள்ளையாக மூச்சு வந்தது. அதே கணம் கண்ணாடி மங்கியது.

"கஸ்பர்" என்றான். "எழும்படா. இருக்காதை. நட."

மங்கல். தெளிவு. நெடுநேரம் தெளிவு. பிறகுதான் அடுத்த மங்கல்.

குழாயை இரண்டு கைகளாலும் பொத்தினான். சட்டைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்தான். இரும்பு தோலில் ஒட்டி எரிந்தது. சூடாகவேயில்லை. திரும்ப எடுத்துப் பார்த்தான்.

தம்பி முகத்தை நிமிர்த்தியிருந்தான். கண்ணிமைகளில் பனி. நேரே பார்த்தான். உதடு அசைந்தது. ஒரே ஒரு சொல். அந்த அசைவைச் சூசைதாசனுக்குத் தெரியும்.

வாறன்.

மெல்லிதாக ஒரு மங்கல். காசளவு. சுருங்கியது. போனது.

காத்திருந்தான். தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். மங்கு, மங்கு என்று மாதாவைக் கும்பிட்டான். கண்ணாடி மங்கவில்லை. அத்தனை தெளிவான கண்ணாடியை அவன் தன் வேலையில் பார்த்ததேயில்லை. சிவப்பு ஜாக்கெட்டின் ஒவ்வொரு தையலும் தெரிந்தது. திறந்திருந்த கண்கள் தெரிந்தன.

படிகளில் சப்பாத்துச் சத்தம். ரங்கராஜன் கையைத் தேய்த்தபடி உள்ளே வந்தார்.

"என்ன சூசை, இங்கயே பனி கொட்டுற மாதிரி இருக்கு! எது தேறிச்சு?"

சூசைதாசனின் கையிலிருந்து அவரே அதை எடுத்துக்கொண்டார்.

"இது மங்காதுல்ல?"

"இனி மங்காது, சேர்" என்றான். கன்னத்தில் வழிந்ததை அவன் துடைக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவுமில்லை.

ரங்கராஜன் கால்களை அகட்டி நின்று, ஸ்கோப்பை உயர்த்தி, சுவரை நோக்கிப் பிடித்தார். ஒற்றைக் கறுப்புப் புள்ளி தவிர எதுவுமில்லாத வெள்ளைச் சுவர். இடது கண்ணை மூடினார். அசையாமல் நின்றார்.

"அடேயப்பா, என்ன தெளிவு! நடுவுல சிவப்பா வச்சிருக்கீங்களே," என்றார், குரலைத் தாழ்த்தி, "அதுதானே குறி?"

துப்பாக்கி இல்லாத வெறுங்காற்றில், ரங்கராஜனின் ஆள்காட்டி விரல் மெல்ல வளைந்தது.