தொண்டைக்கதிர்

மார்கழிப் பனி காலில் பட்டால் சுரீரென்று ஏற வேண்டும். அன்று காலை துரைராசு புல்தரையில் கால் வைத்தபோது பனி வெதுவெதுப்பாக இருந்தது. அதோடு விட்டாலும் பரவாயில்லை. கன்றுக்குட்டி நக்கிவிட்ட புறங்கை மாதிரி கொழகொழவென்று விரலிடுக்கில் நூல் இழுத்தது. அவர் குனிந்து, காலைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். எழுபத்திரண்டு வயதில் தன் காலைத் தானே முகர முடிகிறதே என்ற பெருமை ஒரு நொடிதான் நின்றது. மீன் கழுவிய தண்ணீரோடு புளித்த தாய்ப்பால் கலந்த நாற்றம்.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் வீட்டை ஒட்டிய அந்த அரை மா நிலத்தில் ஐம்பது வருஷமாக நெல்லுக்கு நடுவே முளைத்த புல்லைப் பிடுங்கி எறிந்தவர் அவர். கனடாவில் இருக்கும் மகன் சூர்யபிரகாஷ் நெல்லை நிறுத்திவிட்டு அதே இடத்தில் புல்லை நட்டுவிட்டான். பொங்கலுக்கு வரும்போது ஒன்பது மாதப் பேத்தி தவழ வேண்டுமாம். பேத்தியை அவர் போனில்தான் பார்த்திருக்கிறார். சிரித்தால் கீழ் ஈறில் அரிசி மாதிரி இரண்டு பல். அந்த இரண்டு பல்லுக்காக அவர் புல் என்ன, எருக்கஞ்செடியையே தண்ணீர் ஊற்றி வளர்ப்பார்.

மாதம் ஒருமுறை, புல் நட்டுக் கொடுத்த தஞ்சாவூர் கம்பெனியிலிருந்து பரணிதரன் வருவான். மெஷின் ஓட்டி, மருந்து அடித்து, போகும்போது ஒன்றையே சொல்வான்.

"வேற எதையும் போட்டுடாதீங்க ஐயா. நாங்க போடறதே போதும்."

"ஒரு மூடி மருந்துல இம்புட்டுப் பயிரும் பசியாறிடுமா தம்பி? பூனைக்கு வைக்கிற சோறாட்டம்ல இருக்கு."

அவன் பைக் தெரு திரும்பியதும் துரைராசுவின் கை ஊறும். பயிர் பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அந்தக் கைக்குத் தெரியாது. கொல்லையில் டிரம் இருந்தது. முத்துப்பேட்டையிலிருந்து வரும் மீன்காரர் மீரா உசேன் கொடுத்த குடலும் செதிலும் வெல்லத்தோடு நாற்பது நாள் ஊறி மீன் அமில உரமாகியிருந்தன. நெல்லுக்கு என்றால் ஒரு டேங்க் தண்ணீரில் ஒரு டம்ளர் கலப்பார். புல்லுக்கு அப்படியே ஊற்றினார். மகன் வீட்டு விருந்தாளி அல்லவா?

புல் குடித்தது. ஊற்றிய இடத்தில் நனைந்த தடம்கூட மிஞ்சாமல் குடித்தது.

முதலில் நன்மைதான் நடந்தது. தினமும் வெறுங்காலோடு நடந்ததில் ஐம்பது வருஷப் பித்தவெடிப்பு பத்தே நாளில் மறைந்தது.

"எந்தப் பியூட்டி பார்லருக்குப் போனீங்க?" என்றாள் மனைவி தர்மாம்பாள். "பாதம் கல்யாணப் பொண்ணாட்டம் இருக்கு. மூஞ்சியையும் காட்டிட்டு வந்திருக்கலாம்."

பனி வெதுவெதுத்த அன்று அவர் கிணற்றடியில் காலைக் கழுவினார். இடது கட்டைவிரலில் நகம் இல்லை. சின்ன வயதில் மண்வெட்டி பட்டு நடுவில் பிளந்தே வளர்ந்த நகம் அது. வலி இல்லை, ரத்தமும் இல்லை. அந்த இடத்தில் நக்கி நக்கி வழவழப்பாக்கிய இளஞ்சிவப்புச் சதை.

மறுநாள் பரணிதரன் வந்து ஒரு பிடி புல்லைப் பெயர்த்துப் பார்த்தான். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் ஈறு நிறத்தில் இருந்தது. வெளிச்சம் பட்டதும் ஈரத்தோடு மெல்ல, ஒட்டியிருந்த மண்ணுக்குள் தன்னை இழுத்துக்கொண்டது. அவன் வேலியோரம் ஓடிப் போய்க் குனிந்து, தின்ற இட்லியை எல்லாம் கக்கினான்.

"ஐயா, இதுக்கு என்ன போட்டீங்க?"

"நான் ஒண்ணும் போடலையே."

"தோண்டி எரிச்சிடுங்க. பையன்கிட்ட சொல்லிடுங்க."

மெஷினைக்கூட எடுக்காமல் போய்விட்டான். துரைராசு சொல்லவில்லை. சொன்னால் மகன் பயணத்தையே தள்ளிப்போடுவான். அந்த இரண்டு பல்லைப் பார்க்க இன்னும் ஒரு வருஷம் ஆகும். நகம்தானே? வளரும். பேத்தி வந்தால் கூடத்தில் பாய் விரித்துவிட்டால் போயிற்று.

போகியன்று வந்து இறங்கினார்கள். பேத்தி தர்மாம்பாளின் இடுப்பில் இருந்தாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு பல். போனில் பார்த்ததைவிடச் சின்னது.

சாப்பிட்டு எல்லோரும் கண் அயர்ந்த மதியத்தில் அவர் மட்டும் புல்லோரம் போய் நின்றார். காற்றில்லை. எரித்த பழம்பாய்ப் புகை தெருவில் அசையாமல் தொங்கியது. அதற்கும் மேலே அந்த மீன் நாற்றம், பால் நாற்றம். புல் நுனிகள் எல்லாம் வீட்டுப் பக்கமே சாய்ந்திருந்தன. தண்டுகளைப் பார்த்தார். ஒவ்வொன்றும் கழுத்தில் தடித்திருந்தது. விவசாயிக்கு வேறு யாரும் சொல்ல வேண்டாம். கதிர் வெளியே வருமுன் தண்டின் தொண்டைக்குள் அடைந்து கிடக்கும் பருவம். தொண்டைக்கதிர்.

புல் எதற்குக் கதிர் கட்டுகிறது?

பழக்கதோஷம். ஒரு தண்டை ஒடித்தார். விரலில் சீழ் மாதிரிப் பால் வடிந்தது. உறையைப் பிரித்தார். உள்ளே நெல் இல்லை. நகம் இருந்தது. மெத்தென்று, ஈரமாக, நடுவில் பிளந்து.

அடுத்த தண்டு. மறுபடியும் அதே நகம். அதே பிளவு.

விதை போட்டால் மகசூல் வருமல்லவா? வந்திருக்கிறது.

"அப்பா! இங்க பாருங்க, தவழுறா!"

தூங்கி எழுந்து வந்த மகனின் குரல். புல்தரையின் அந்தப் பக்கம். கையில் போன், படம் எடுத்துக்கொண்டிருக்கிறான். புல் நடுவே பேத்தி. குப்புறக் கிடக்கிறாள். முகம் புல்லுக்குள்.

ஓடினார். கால் ஒட்டியது. பிய்த்தார். ஒட்டியது.

வாரித் தூக்கினார்.

அவள் அழவில்லை. முகமெல்லாம் கொழகொழப்பு. யாரோ கிச்சுக்கிச்சு மூட்டிய மாதிரி அவரைப் பார்த்து வாயைத் திறந்து சிரித்தாள்.

கீழ் ஈறு வழவழவென்று இருந்தது. இளஞ்சிவப்பாக. சுத்தமாக.

அவள் கிடந்த இடத்தில் ஒரு தண்டு வெடித்துக் கதிர் தலை நீட்டியது. கதிரில் இரண்டே மணி, அரிசி மாதிரி. பால் வெள்ளை.

சுற்றிலும், காற்றே இல்லாமல், அரை மா நிலத்துத் தொண்டைகள் அத்தனையும் ஏறி இறங்கின.