முப்பத்தொன்றாவது வரிசை

விமானம் ஏறும் வாசலில் அம்மாவின் பெயரைச் சொல்லி யாரும் அழைக்கவில்லை.

அழைப்பார்கள் என்றுதான் அவன் காத்திருந்தான். இருவருக்கும் சேர்த்து எடுத்த மலிவு டிக்கெட். ரத்து செய்தால் கைக்கு ஒன்றும் வராது என்பதால் அம்மாவின் திரும்பும் பயணத்தை அப்படியே விட்டுவிட்டான். நேற்று கைபேசியில் செக்-இன் செய்தபோது, பழக்கதோஷத்தில் 'அனைவரும்' என்பதை அழுத்தித் தொலைத்தான். அவனுக்குப் பன்னிரண்டாவது வரிசையில் ஓர இருக்கை. அம்மாவுக்கு முப்பத்தொன்றில் நடு இருக்கை. வரும்போது உட்கார்ந்த அதே இடங்கள். அம்மா இறந்து ஒன்பது நாள் ஆகிறது.

பணிப்பெண் எண்ணும் கருவியை ஒவ்வொரு தலைக்கும் ஒருமுறை அழுத்திக்கொண்டே வால்பகுதி வரை போய்த் திரும்பினாள்.

"எல்லாரும் வந்தாச்சு. கதவ மூடலாம்."

ஒரு தலை குறைய வேண்டுமே என்ற பேச்சு அவன் வாய்வரை வந்து நின்றது.

"பதினோரு மணி நேரம் சார்," என்றார் பக்கத்து இருக்கைக்காரர். "தண்ணிக்குக் காசு, போர்வைக்குக் காசு. மூச்சு விடுறதுக்கு மட்டும்தான் இன்னும் பில் போடல."

சிரிப்பு என்று நினைத்து எதையோ முகத்தில் வரவழைத்தான்.

வெளியே பட்டப்பகல். ஜன்னல் மறைப்புகளை இறக்கியதும் உள்ளே பழுப்பு இருட்டு கவிந்தது. கழற்றிப்போட்ட காலுறைகளின் புழுக்கமும் கழிவறை மருந்தின் நெடியும் இயந்திரத்தின் ஓயாத முனகலோடு கலந்து அவன் மேல் படிந்தன. அவற்றுக்கு அடியில், மெல்ல, அம்மா முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை.

"தூங்கத்தானே போறோம், அதுக்கு எதுக்கும்மா பக்கத்துப் பக்கத்துல?" என்று கேட்டவன் அவன்தான். அருகருகே உட்காரத் தனிக்கட்டணம். "நீ சொன்னா சரிப்பா," என்றாள் அவள். வரும் பயணத்தில், தூங்கும் இரண்டு அந்நியர்களுக்கு நடுவே, எழுந்து வழிவிடுங்கள் என்று கேட்கக் கூச்சப்பட்டு, ஏழு மணி நேரம் அசையாமல் இருந்திருக்கிறாள். ஏழாவது மணியில்தான் பணிப்பெண் அவனிடம் வந்து குனிந்தாள்.

"சார், முப்பத்தொண்ணுல இருக்கிற உங்க அம்மா கூப்பிடுறாங்க. கால் வீங்கிருக்காம்."

போனால் இடம் மாற்றிக்கொள்ளச் சொல்வாள். அவன் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சை மட்டும் நீளமாக இழுத்து விட்டான்.

"தூங்குறார் போல," என்று போய்விட்டாள்.

விமானம் இறங்கியபோது அம்மா இறங்கவில்லை. கால் நுழையாத செருப்புகள் இரண்டும் மடியில் இருந்தன.

"தூக்கத்துலயே போயிட்டாங்களாடா?" என்று கேட்டாள், விமான நிலையத்துக்கு வந்திருந்த அக்கா.

"ஆமாக்கா. நடுவுல நான் போய்ப் பார்த்தேன். நிம்மதியாத் தூங்கிட்டிருந்தாங்க."

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பிடி இன்னும் மணிக்கட்டில் இருந்தது.

டிங்.

கழுத்தை மட்டும் திருப்பினான். இருட்டின் கடைசியில், ஒரு இருக்கைக்கு மேலே, அழைப்பு விளக்கு. கடிகாரத்தைப் பார்த்தான். விமானம் கிளம்பி ஏழாவது மணி.

பணிப்பெண் அங்கே போனாள். குனிந்தாள். யாரிடமோ தலையாட்டினாள். நிமிர்ந்து, நேராக அவனைப் பார்த்தாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

காலடிகள் வந்தன. அவளுடைய குதிகால் செருப்பின் டக், டக். அதன் பின்னால் இன்னொன்று. வெறுங்கால். கனமாக. இழுத்து இழுத்து.

தைல வாசனை.

"சார், உங்க அம்மா..."

மூச்சை இழுத்தான். நீளமாக. விட்டான்.

"தூங்குறார் போலம்மா."

"இல்லம்மா," என்றது அம்மாவின் குரல், கோபமே இல்லாமல். "அன்னிக்கும் அவன் தூங்கல."

டக், டக் என்ற ஓசை விலகிப் போனது. வெறுங்கால் போகவில்லை.

மடியில் ஏதோ விழுந்தது. லேசாக. ஒரு செருப்பு. பிறகு, இன்னொன்று.

"போட்டு விடுப்பா."

இறங்க இன்னும் நான்கு மணி நேரம்.

இமையைப் பிரித்தான். நீலம் பாரித்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும் அளவுக்கு ஊதிய ஒரு பாதம், அவன் முழங்கால் மேல் ஏறி, செருப்புக்காகக் காத்திருந்தது.