ஏரியில் இல்லாத குரோமியம்

போன் அலறியது!

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் கெமிஸ்ட், கையிலிருந்த பாட்டிலை வைத்துவிட்டு எடுத்தார். மறுமுனையில் தங்கை.

"அண்ணா! இவரைப் போலீஸ் புடிச்சிட்டுப் போயிட்டாங்க! நேத்து ஏரியில பொணமா கிடந்தாரே இவரோட ஃபேக்டரி வாட்ச்மேன்... அவரை இவர்தான் கொன்னாராம்!"

"என்ன உளர்றே?"

"முந்தாநாள் ராத்திரி பூரா சின்னவளுக்கு ஜுரம்ணா. ரெண்டு பேரும் கண்ணே மூடலை. சத்தியமா இவர் வெளியவே போகலை!"

கெமிஸ்ட் போனை வைத்தார்.

போன மாதம்தான் அந்த வாட்ச்மேன், ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரோடு இதே மேஜை முன் நின்றார். "ஏரிக்கரையில குடியிருக்கோம் சார். பேத்திக்கு உடம்பெல்லாம் புண்ணு. இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார்.

அவர் போனதும் கெமிஸ்ட் அதை அப்படியே சிங்க்கில் கொட்டினார். சோதித்தால் என்ன வரும் என்று தெரியாதா என்ன?

கதவு திறந்தது.

இன்ஸ்பெக்டர்! கையில் ஒரு ஃபைல்.

"நன்றி சொல்ல வந்தேன் சார். உங்களாலதான் கேஸ் முடிஞ்சுது."

"என்... என்னாலயா?"

"செத்தவர் நுரையீரல்ல இருந்த தண்ணியில குரோமியம் எக்கச்சக்கம். உங்க ஆறு வருஷ ரிப்போர்ட்டும் ஏரியில குரோமியமே இல்லைங்குது. அப்ப அவர் ஏரியில சாகலை! உங்க மாப்பிள்ளை, ஃபேக்டரியில குரோமியம் முலாம் பூசுற தொட்டியில அமுக்கிக் கொன்னு, ஏரியில வீசியிருக்கார்."

கெமிஸ்ட் எழுந்தார்.

"சேறு..."

"என்னது?"

"ஏரிச் சேறு சார்! ஃபேக்டரிக் கழிவு மேலயே மிதக்காது. அடியில போய் சேத்தோட ஒட்டிக்கும். விழுந்தவர் கைகாலை உதைச்சிருப்பார்... கலங்கின தண்ணியக் குடிச்சிருப்பார்!"

"அப்படின்னா உங்க ரிப்போர்ட்?"

வாயைத் திறந்தால் ஜெயில். திறக்காவிட்டால், செய்யாத கொலைக்குத் தங்கை கணவருக்குத் தூக்கு!

"பொய்!" உடைந்தார். "ஆறு வருஷமும் பொய்! மேல்தண்ணியத்தான் மொண்டேன். மொண்டதும் பாட்டில்ல ஆசிட் விடணும். விடலைன்னா குரோமியம் பாட்டில் சுவத்துலயே ஒட்டிக்கும், தண்ணி சுத்தம்னு காட்டும். தங்கச்சி வீட்டுக்காரர் ஃபேக்டரியாச்சேன்னு... வேணும்னேதான் விடலை. அந்த வாட்ச்மேன் பேத்தி நினைப்புல ஒரு மாசமா சோறு இறங்கலை சார்!"

"எழுதிக் குடுங்க."

எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

"இப்ப... மாப்பிள்ளையை விட்டுருவீங்கல்ல?"

"கொலைக் கேஸே கிடையாது சார். மாரடைப்பு வந்து, செத்த பிறகுதான் தண்ணியில விழுந்திருக்கார். நுரையீரல்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஆனா போன வாரம் உங்க ரெண்டு பேர் மேலயும் ஒரு புகார் குடுத்தார் பாருங்க... அதுக்குத்தான் சாட்சி இல்லாம இருந்துச்சு. ஏரியைக் கெடுத்த கேஸ்ல இனி மாமன் மச்சான் சேர்ந்தே உள்ள போகலாம்."

கெமிஸ்ட் ஃபைலைக் காட்டினார்.

"அப்ப... அந்த நுரையீரல் ரிப்போர்ட்?"

இன்ஸ்பெக்டர் ஃபைலை அக்குளில் செருகிக்கொண்டார்.

"நான் எழுதினது சார். பொய் ரிப்போர்ட் எழுத உங்களுக்கு மட்டும்தான் வருமா?"