முதலிடத்தின் ஈரம்

லிஃப்ட் கதவு மூடியதும் குரல் தொடங்கிவிட்டது. "இன்றைய பாற்கடல் அரசி, பதினேழாம் மாடி பவதாரிணி. நூறு புள்ளி. இரண்டாமிடம், ஒன்பதாம் மாடி நிறைமதி. நாற்பத்து நான்கு."

நிறைமதி தோளில் கிடந்த மகளைத் தடவிப் பார்த்தாள். நான்கு மாதக் குழந்தை. தொடையில் மூன்று மடிப்பு. எல்லாம் நாற்பத்து நான்கில் வந்த மடிப்பு.

அந்த அடுக்ககத்தில் பாலூட்டும் பதினோரு பேரும் உள்ளாடைக்குள் ஈரமானி வட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மூங்கில் துணியில் தைத்தது. கசியும் பாலை உறிஞ்சும். துவைத்து மறுபடி வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஓடும் உணர்நூல் ஈரத்தை அளந்து தாய்நலக் குழுவுக்குச் சொல்லும். குழந்தை குடித்த பாலை அளக்கக் குழுவிடம் கருவி இல்லை. ஆகவே குடிக்காததை அளந்தார்கள். முதலிடத்தின் புள்ளியில் பாதியைத் தொடர்ந்து தொடாதவர்களுக்கு ஏழாம் நாள் பால்மாவு டப்பா வாசலுக்கே வரும், 'பால் போதாத தாய்' என்ற பச்சை முத்திரையுடன். நிறைமதிக்கு இது ஐந்தாம் நாள்.

"நூறாம் நூறு! அவ என்ன கறவை மாடா?" என்றாள் கணவனிடம்.

"பால் ஊற சுறாப்புட்டு இன்னும் கொஞ்சம் பண்ணட்டா?" என்றான் செழியன்.

"கடல்ல சுறா மிச்சம் இருந்தா பண்ணுங்க."

மாலையே பதினேழாம் மாடிக்குப் போனாள், பவதாரிணியின் குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பையோடு. அரசியின் முகத்தில் அரசக்களை இல்லை.

"வாங்கக்கா. உக்காருங்க. என்னால நிமிர்ந்தே உக்கார முடியல. நெஞ்செல்லாம் புண்ணு, ஒரே அரிப்பு."

'பால் அதிகம், அதான்' என்று நிறைமதிக்கு வயிறு எரிந்தது. கை கழுவக் குளியலறைக்குள் போனாள். கதவுக்குப் பின்னால், வாளிக்கு மேலே, ஒரு பெரிய துண்டுக்கு அடியில் பன்னிரண்டு மூங்கில் வட்டுகள் ஒளிந்திருந்தன. தொட்டாள். சில்லென்றிருந்தது. பூவாசம் வேறு.

"எப்பப்பா துவைச்சே?"

"நேத்து காலையில. வாசனைக்குக் கொஞ்சம் கண்டிஷனரும் ஊத்தினேன். வெயில்ல போடலாம்தான். ஆனா எதிர் பிளாக்குல அத்தனை ஜன்னல். முதலிடம் வந்ததுலேர்ந்து எல்லாரும் என் பால்கனியையே பாக்குறாங்கக்கா. கண்ணு பட்டா பால் வத்திடுமே!"

உணர்நூலுக்குப் பாலும் தெரியாது, தண்ணீரும் தெரியாது; ஈரம் மட்டும்தான் தெரியும். நிறைமதிக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. அவள் குரலில் இதுவரை இல்லாத கனிவு வந்தது.

"அதெல்லாம் கூடாதும்மா. கண்டிஷனர் ஊத்தினா மூங்கில் துணி உறிஞ்சாது. ஈரத்தோட வச்சா புண்ணு ஆறாது. நல்ல வெயில்ல, முறுமுறுன்னு காயவிடு. அக்கா சொல்றேன், கேளு."

பவதாரிணி கேட்டாள். மறுநாள் மாலை லிஃப்ட் சொன்னது: "இன்றைய பாற்கடல் அரசி, ஒன்பதாம் மாடி நிறைமதி. நாற்பத்து நான்கு." பவதாரிணிக்கு முப்பத்தொன்று. நாற்பத்து நான்கில் பாதி இருபத்திரண்டு. பதினோரு தாய்மாரில் ஒருத்திக்கும் டப்பா இல்லை. கட்டிடமே பெருமூச்சு விட்டது. லிஃப்டில் நின்ற இரண்டு பெண்கள் மட்டும் நிறைமதியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்கள். ஒருத்தி நெஞ்சோடு பார்வையை நிறுத்தினாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நிறைமதி நேராகப் பால்கனிக்குப் போனாள். எதிர் பிளாக்கில் அத்தனை ஜன்னல்! துவைத்துப் போட்டிருந்த வட்டுகளை ஈரத்தோடு வாரியெடுத்து, குளியலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டி, துண்டால் மூடினாள்.

அடுத்த நாள் அவளுக்குத் தொண்ணூற்றாறு. அந்த வாரம் முழுக்க அப்படியே. ஏழாம் நாள் பவதாரிணியிடமிருந்து அழைப்பு வந்தது. குரல் உடைந்திருந்தது.

"புண்ணு ஆறிடுச்சுக்கா. ஆனா வாசல்ல டப்பா வந்திருக்கு. பச்சை முத்திரையோட. உங்களுக்கு மட்டும் எப்படிக்கா இவ்வளவு?"

நிறைமதி நெஞ்சைச் சொறிந்துகொண்டே சொன்னாள்: "சுறாப்புட்டு."