தரணியின் கன்னத்தில் சிவப்புக் கட்டம்

சுவரில் சாய்த்து வைத்திருந்த போன் சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த தரணியின் பக்கம் கேமரா திரும்பியதும், பிள்ளையின் கன்னத்தில் சிவப்புக் கட்டம் ஒன்று விழுந்தது. சித்ரகலா அதைத் தட்டி அழித்தாள். மறுபடி விழுந்தது.

பனியன் கம்பெனி செக்கிங்கில் துணியில் ஊசி ஓட்டை தேடிப் பழகிய கண் என்றுதான் இந்த வேலையைக் கொடுத்தார்கள். ஈராக்கில் தோண்டியெடுத்த களிமண் பலகைகளின் படம் போனில் வரும். நாலாயிரம் வருடத்துக்கு முன் நாணல் குச்சியால் குத்திய ஆப்பு வடிவ எழுத்துகளை கம்ப்யூட்டர் தேடிக் கட்டம் போடும். தெரிகிற எழுத்துக்குச் சிவப்பு. உடைந்துபோன இடத்தில் இது இருந்திருக்கும் என்று அதுவே ஊகித்தால் சாம்பல். தப்பை அவள் திருத்த வேண்டும். கேமரா திறந்திருந்தால் எதிரே இருப்பதிலும் தேடும்.

சூப்பர்வைசர் சகாயராஜைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, புள்ள மூஞ்சில கட்டம் போடுதுங்க."

"கோரப்பாய்ல படுத்திருக்காளாங்க? பாய் அச்சா இருக்கும். போன வாரம் நான் திங்கற பரோட்டாவுக்கே கட்டம் போட்டுச்சு. விட்டுத் தள்ளுங்க."

சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். கரண்ட் போனது.

அவள் குடியிருந்த மண்ணரைப் பகுதி லைன் வீடுகளில் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஜன்னல் வழியே சாயத்தண்ணீரின் காரவாடை வந்து அறையில் தங்கியது, அதற்கும் அடியில் நனைந்த மண்ணின் வாடை. மழை பெய்து மாதக்கணக்காகிறது.

போன் வெளிச்சத்தில் பிள்ளையை மடிக்குத் தூக்கினாள். நாலு வயதுக்கு மீறிய கனம். பாய் அச்சென்றால் இந்நேரம் மங்கியிருக்கும். இது தாடைக்கு இறங்கியிருந்தது. கோரைக் கோடுகள் இல்லை. ஒரு முனை அகன்று, மறுமுனை கூர்ந்த குழிகள். தினமும் பார்ப்பவை.

"தரணி, எந்திரி கண்ணு."

எழவில்லை.

போனைக் கிட்டே பிடித்தாள். கன்னம் முழுக்கச் சிவப்பு. ஒன்றுமில்லாத கழுத்தில் சாம்பல் கட்டங்கள், குரல்வளை வரை. பார்க்கும்போதே ஒரு கட்டத்துக்குள் தோல் அமுங்கியது. கட்டம் சிவந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

குரல்வளைக்குப் போகக் கூடாது.

எச்சில் தொட்டுத் தேய்த்தாள். அழிந்தது. கழுத்து. தாடை. கன்னம். பெருவிரல் வழுக்கிக்கொண்டு போனது. கட்டம் இல்லை. ஒன்றுகூட இல்லை.

கரண்ட் வந்தது.

தரணி விழித்திருந்தாள். விரல் போன வழியெல்லாம் முகம் ஒரே மட்டமாக இழுபட்டு, வாயின் பாதி அதற்குள் மூடியிருந்தது. மீதிப் பாதி அசைந்தது.

"அம்மா, வாய் தொறக்க மாட்டேங்குது."

பிள்ளை அழ ஆரம்பித்தாள். கண்ணீர் இறங்கிய இடமெல்லாம் கன்னம் கரைந்து, பழுப்புச் சேறாக, சித்ரகலாவின் மடியில் சொட்டியது.